கையறிவும் ஆய்வும்: சமகாலக் கைவினையின் முதுநிலைக் கல்வி

மண், நூல், மரம், உலோகம், கண்ணாடி ஆகியவற்றைக் கையாளும் தொழில்கள் நெடுங்காலமாகக் குடும்பத்திலும் பட்டறையிலும் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றவை. அவை பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரிய பாடமானது இருபதாம் நூற்றாண்டில்தான். இன்று பிரிட்டன், அமெரிக்கா, பின்லாந்து, சுவீடன், ஜப்பான், இந்தியா எனப் பல நாடுகளில் இக்கல்வி நடைபெறுகிறது. ஒரு குயவரின் விரல் நுனியில் இருக்கும் அறிவை ஆய்வு என்று ஏற்கலாமா, ஏற்பதானால் அதை எப்படிப் பதிவு செய்வது, எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விகள் இக்கல்வியின் அடித்தளத்தில் உள்ளன.

சமகாலக் கைவினை என்பது பழைய மரபை அப்படியே தொடர்வதை மட்டும் குறிப்பதில்லை. ஒருவர் தாமே கருத்தை வகுத்து, பொருளின் இயல்பை மையமாக வைத்து, தம் கையாலோ தம் நேரடி மேற்பார்வையிலோ உருவாக்கும் எல்லாமே அதில் அடங்கும். அன்றாடம் புழங்கும் கிண்ணமும், காட்சிக்கூடத்தில் மட்டுமே வைக்கப்படும் நெசவுச் சிற்பமும் இதில் சேரும். முதுநிலைக் கல்விக்கு வருபவர் பெரும்பாலும் அடிப்படைத் திறமை கைவரப்பெற்றவர். சக்கரத்தில் வனையவோ தறியில் பாவு ஏற்றவோ அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். இங்கே அவர் கற்க வேண்டியது, தம் திறமையைக் கேள்விக்கு உட்படுத்துவதையும், அந்தக் கேள்விக்குச் செய்துபார்த்தே விடை காண்பதையும், கண்டதைப் பிறர் சோதித்துப் பார்க்கும்படி முன்வைப்பதையும்தான்.

பட்டறையிலிருந்து கல்லூரிக்கு

இக்கல்வியின் வரலாற்றில் லண்டனுக்குத் தனி இடம் உண்டு. பிரிட்டிஷ் ஆலைப் பொருள்களின் வடிவமைப்பைச் செம்மைப்படுத்த 1837-இல் அங்கே அரசு வடிவமைப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 1896-இல் அது ராயல் கலைக் கல்லூரி ஆயிற்று. தொடக்கத்தில் அங்கே கற்பிக்கப்பட்டது அலங்கார வரைபடம். வடிவத்தைத் தாளில் வரைவது ஒருவர் வேலை, பொருளாகச் செய்வது வேறொருவர் வேலை என்ற பிரிவினை அந்தப் பாடத்திட்டத்திலேயே இருந்தது.

இந்தப் பிரிவினையை எதிர்த்து எழுந்ததுதான் வில்லியம் மாரிஸின் சிந்தனையால் உந்தப்பட்ட கலை-கைவினை இயக்கம். அந்த இயக்கத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வில்லியம் லெத்தபி, 1896-இல் லண்டனில் தொடங்கிய மையக் கலை-கைவினைப் பள்ளியில் தொழில் செய்துகொண்டிருந்த கைவினைஞர்களையே ஆசிரியர்களாக அமர்த்தினார். பொருளைத் தொடாமல் வடிவமைப்பு கற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. பின்னர் அவர் ராயல் கலைக் கல்லூரியில் வடிவமைப்புப் பேராசிரியர் ஆனபோது இந்தக் கருத்தும் அங்கே நுழைந்தது.

இதே காலத்தில் கைவினையை முறையான ஆய்வுப் பொருளாகக் கண்டவர்களில் முக்கியமானவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகனாக 1877-இல் கொழும்பில் பிறந்த அவர், பயிற்சியால் நிலவியல் அறிஞர். இலங்கையின் கனிமவள ஆய்வுப் பணிக்காக ஊர் ஊராகச் சென்றபோது கண்டிப் பகுதிக் கைவினைஞர்களின் தொழிலை நேரில் கண்டார். பாறையையும் கனிமத்தையும் வகைப்படுத்திப் பழகியவர், அதே ஒழுங்குடன் அவர்களின் கருவிகளையும் பொருள்களையும் வேலைமுறைகளையும் சமூக அமைப்பையும் பதிவு செய்தார். அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் ஆஷ்பியின் கைவினைக் கூட்டுறவு குடியேறியிருந்த சிப்பிங் கேம்டன் ஊருக்கு அருகில் இருந்த தம் இல்லத்தில், மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூலை அச்சிட்டார். அடுத்த ஆண்டு ‘இந்தியக் கைவினைஞன்’ வந்தது. கைவினையைப் பற்றி எழுதும் நூலே நல்ல கைவினையாக இருக்க வேண்டும் என்ற கொள்கையை அவர் செயலில் காட்டினார். இன்றைய கைவினை ஆய்வேட்டின் அமைப்பைப் பற்றிய விவாதங்களுக்கு இது மிக அண்மையில் நிற்கிறது.

ஜெர்மனியில் 1919-இல் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி வேறொரு வழியைக் கண்டது. அதன் பட்டறைகளில் ‘வடிவ ஆசான்’, ‘தொழில் ஆசான்’ என இருவர் இருந்தனர். டோர்ன்பர்க் ஊரில் இருந்த மட்கலப் பட்டறையில் சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ் வடிவ ஆசான்; பரம்பரைக் குயவர் மாக்ஸ் கிரேஹான் தொழில் ஆசான். சிந்தனைக்கு ஒருவர், கைக்கு ஒருவர் என்ற இந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. பௌஹௌஸிலேயே பயின்ற குண்டா ஸ்டோல்ஸ்ல் நெசவுப் பட்டறையின் தலைமைக்கு வந்தபோது இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தன. அங்கே பயின்ற மற்றொரு நெசவாளரான ஆனி ஆல்பர்ஸ் அமெரிக்காவுக்குச் சென்று, பிளாக் மவுண்டன் கல்லூரியில் கற்பித்தார். அவர் 1965-இல் வெளியிட்ட நெசவு பற்றிய நூல் இன்றும் இத்துறையின் பாடநூல்.

அமெரிக்காவில் இரு நிறுவனங்கள் முதுநிலைக் கல்விக்கு வடிவம் கொடுத்தன. நியூயார்க் மாநிலத்தின் ஆல்ஃபிரட் பல்கலைக்கழகத்தில் 1900-இல் மட்கலப் பள்ளி நிறுவப்பட்டது. அதன் முதல் இயக்குநர் சார்லஸ் பின்ஸ், மண்ணின் வேதியியலையும் வனைதலையும் ஒரே கூரையின்கீழ் கற்பித்தார். டெட்ராய்ட் நகருக்கு அருகில் 1932-இல் உருவான கிரான்புரூக் கலைக்கழகம், ஒவ்வொரு துறையையும் அங்கேயே தங்கி வேலை செய்யும் ஒரு கலைஞரின் பொறுப்பில் விட்டது. மாணவர்கள் அவருக்கு அருகிலேயே தத்தம் வேலையைச் செய்தார்கள். அங்கே மட்கலத் துறையை 1938 முதல் 1966 வரை நடத்திய மைஜா கிரோடெல், தம் பாணியை மாணவர் மேல் திணிக்க மறுத்தவர் என்று பெயர் பெற்றவர்.

ராயல் கலைக் கல்லூரி 1967-இல் அரச சாசனம் பெற்றுத் தானே பட்டம் வழங்கும் முதுநிலைக் கல்வி நிறுவனம் ஆயிற்று. அக்காலத்தில் அதன் மட்கலத் துறையில் கற்பித்தவர் ஹான்ஸ் கோப்பர். அவரிடம் பயின்ற எலிசபெத் ஃபிரிட்ச், அலிசன் பிரிட்டன், ஜாக்குலின் பொன்சலெட், கேரல் மெக்நிகால் முதலியோர் 1970-களில் பிரிட்டிஷ் மட்கலக் கலையின் போக்கை மாற்றினர். அதுவரை பிரிட்டனில் மேலோங்கியிருந்தது பெர்னார்ட் லீச்சின் வழி. ஜப்பானியக் குயவர் ஹமாதா ஷோஜியுடன் 1920-இல் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை அமைத்த லீச், எளிமையும் பயன்பாடும் கொண்ட கலங்களையே உயர்ந்தவையாகக் கருதினார். புதிய தலைமுறையோ கலத்தை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டது. உள்ளும் வெளியும், பயனும் தோற்றமும் எங்கே சந்திக்கின்றன என்பதைக் கலத்தைக் கொண்டே ஆராய்ந்தது.

எழுத்து எப்படி வந்தது

கைவினைக் கல்வியில் கட்டுரை எழுதும் கடமை ஒரு நிர்வாக முடிவின் வழியாக வந்தது. பிரிட்டனில் 1960-இல் வெளியான கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கை, கலைப் படிப்பு பட்டப்படிப்புக்கு இணையாக மதிக்கப்பட வேண்டுமானால் கலை வரலாறும் துணைப் பாடங்களும் அதில் இருக்க வேண்டும் என்றது. படிப்புக் காலத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் இவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பின் 1992-இல் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களாக மாறியபோது, அவற்றோடு இணைந்திருந்த கலைக் கல்லூரிகளும் பல்கலைக்கழக விதிகளுக்குள் வந்தன. பல்கலைக்கழகத்துக்கு அரசு தரும் ஆய்வு நிதி, ஆசிரியர்கள் செய்யும் ஆய்வின் தரத்தைப் பொறுத்தது. ஆகவே, குடம் செய்வது எப்போது ஆய்வாகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டிய நிலை வந்தது.

அந்தப் பதிலைத் தேடியவர்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் கிறிஸ்டோபர் ஃபிரெய்லிங். பின்னாளில் ராயல் கலைக் கல்லூரியின் தலைவரான அவர், 1993-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மூன்று வகைகளைப் பிரித்தார். கலையைப் பற்றிய ஆய்வு முதல் வகை. வரலாறு, அழகியல் போன்றவை இதில் அடங்கும். கலையின் வழியாகச் செய்யும் ஆய்வு இரண்டாம் வகை. பொருளைச் சோதிப்பது, கருவியைப் புதுவிதமாகப் பயன்படுத்துவது, படிப்படியாகக் குறிப்பெடுத்து விளைவைத் தெரிவிப்பது இதன் இயல்பு. கலைக்காகச் செய்யும் ஆய்வு மூன்றாம் வகை. இதில் சிந்தனை முழுவதும் செய்யப்பட்ட பொருளுக்குள்ளேயே இருக்கும். மூன்றாவதுதான் சிக்கலானது என்று ஃபிரெய்லிங்கே கருதினார். சொல்லில் வராத சிந்தனையைத் தேர்வாளர் எப்படி அறிவார்? இன்றைய முதுநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சார்ந்து நிற்பதன் காரணம் இதுதான்.

கையின் அறிவைப் புரிந்துகொள்ள மாணவர்கள் வழக்கமாகப் படிக்கும் நூல்கள் சில உண்டு. வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலானி, மனிதர் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறார் என்பதை 1966-இல் வந்த தம் நூலில் விளக்கினார். சைக்கிள் ஓட்டுபவர் விழாமல் இருப்பதன் விதியைச் சொல்ல முடியாதவராக இருந்தும் ஓட்டுகிறார். ராயல் கலைக் கல்லூரியில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த டேவிட் பை, 1968-இல் வேலைத்திறனை இரண்டாகப் பிரித்தார். செய்யும் ஒவ்வொரு நொடியும் விளைவு கெட்டுப்போகக்கூடிய வேலை ஒன்று. விளைவு முன்கூட்டியே உறுதியாகிவிட்ட வேலை மற்றொன்று. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சிடுவது இரண்டாம் வகை. கையால் செய்தது, எந்திரத்தால் செய்தது என்ற குழப்பமான பிரிவைவிட இது தெளிவானது. எந்திரத்தோடு செய்யும் வேலையிலும் துணிவும் கவனமும் தேவைப்படலாம் என்பதை இது ஏற்கிறது. டொனால்ட் ஷானின் 1983 நூல், வேலை செய்துகொண்டிருக்கும்போதே நடக்கும் சிந்தனையை விளக்கியது. ரிச்சர்ட் சென்னெட்டின் 2008 நூல் கைவினைஞரின் மனப்பாங்கைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்தது. கிளென் ஆடம்சன் 2007-இல் எழுதிய நூல் நவீனக் கலை வரலாற்றில் கைவினை ஏன் கீழ்ப்படியில் வைக்கப்பட்டது என்று ஆராய்ந்தது. ‘நவீனக் கைவினை ஆய்விதழ்’ 2008-இலும் ‘கைவினை ஆராய்ச்சி’ என்ற இதழ் 2010-இலும் தொடங்கப்பட்டன. ஒரு துறைக்கு வேண்டிய நூல்களும் இதழ்களும் இப்படித்தான் சேர்ந்தன.

படிப்பின் உள்ளே

முதுகலைப் படிப்பின் காலம் நாட்டுக்கு நாடு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வேறுபடும். மாணவர் சேரும்போதே தம் திட்டத்தை எழுதித் தருகிறார். அவருக்குப் பட்டறையில் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. நாளின் பெரும்பகுதி அங்கே கழிகிறது. வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் செய்த பொருள்களை வைத்து விமர்சன அமர்வு நடக்கிறது. ஆசிரியர்களும் சக மாணவர்களும் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, இது எதைச் செய்ய முயல்கிறது, எங்கே தவறுகிறது என்று பேசுகிறார்கள். பல இடங்களில் செய்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கம் உண்டு. பொருள் தானே எவ்வளவு சொல்கிறது என்பதை அறிய இது உதவுகிறது. இதோடு வரலாறும் கோட்பாடும் சார்ந்த வகுப்புகள், ஓர் ஆய்வுக் கட்டுரை, இறுதியில் ஒரு காட்சி ஆகியவை சேர்ந்து படிப்பை முழுமையாக்குகின்றன.

பட்டறையில் ஆய்வு எப்படி நடக்கிறது என்பதற்கு, மட்கலத்தின் மேல் பூசும் கிளேஸ் நல்ல சான்று. கிளேஸ் என்பது சூளையில் உருகிக் கலத்தின் மேல் படியும் கண்ணாடிப் படலம். அதில் கண்ணாடியாக உருகும் சிலிக்கா, அதை எளிதில் உருக வைக்கும் பொருள், உருகியது வழிந்தோடாமல் நிறுத்தும் அலுமினா என மூன்று வேலைகளுக்கு மூன்று கூறுகள் வேண்டும். மாணவர் இவற்றை ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் வைத்து, விகிதத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு கலவையையும் ஒரு சிறு மண்வில்லையில் பூசிச் சுடுகிறார். பக்கத்துக்கு 6 வில்லைகள் வரும் முக்கோணத்தில் மொத்தம் 21 வில்லைகள். ஒன்று சொரசொரப்பாக மண் நிறத்தில் நிற்கும். ஒன்று பட்டுப்போல் மங்கலாக இருக்கும். ஒன்று கண்ணாடியாகப் பளபளக்கும். ஒன்று உருகி வில்லையின் அடிவரை வழிந்திருக்கும்.

நிறத்துக்கு உலோக ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. ஒரு சதவீத அளவு இரும்பு, காற்றோட்டம் குறைத்த சூளையில் ஏறத்தாழ 1280 டிகிரி செல்சியஸில் சாம்பல் கலந்த பச்சையைத் தரும். அதே இரும்பு எட்டு, பத்து சதவீதமானால் கருப்பும் பழுப்பும் கலந்த நிறம் வரும். தாமிரம் காற்று நிறைந்த சூளையில் பச்சையாகும். காற்றைக் குறைத்தால் சிவப்பாகும். ஒவ்வொரு வில்லையின் பின்னும் கலவையின் எண் எழுதப்படுகிறது. பூச்சின் கனம், சூளையில் அது இருந்த இடம், வெப்பம் ஏறிய வேகம் ஆகியவை நோட்டில் குறிக்கப்படுகின்றன. எண் எழுதாத வில்லை எவ்வளவு அழகாக வந்தாலும் ஆய்வுக்கு உதவாது. அதை மறுபடி செய்ய முடியாது. பட்டறையில் பழகிய கை முதலில் கற்கும் ஆய்வொழுக்கம் இதுவே.

இந்த ஒழுக்கமே முனைவர் பட்ட நிலையிலும் தொடர்கிறது. ஸ்காட்லாந்தின் ராபர்ட் கார்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் மாலின்ஸ் 1993-இல் முடித்த ஆய்வு, மட்கலச் சூளையின் உள்ளே உள்ள காற்றின் நிலையையும் வெளியேறும் புகையையும் அளந்து கட்டுப்படுத்துவது பற்றியது. சூளை வாயிலின் தீயின் நிறத்தையும் நீளத்தையும் பார்த்து முடிவெடுத்து வந்த ஒரு தொழிலறிவை அளவீடு எவ்வளவு தூரம் பின்தொடர முடியும் என்பதற்கு இத்தகைய ஆய்வுகள் விடை தேடின.

கை ஆய்வாகும்போது

பயிற்சி வழி முனைவர் பட்டத்தில் ஆய்வேடும் செய்யப்பட்ட பொருள்களும் சேர்ந்தே மதிப்பிடப்படுகின்றன. பொருள்கள் இருப்பதால் ஆய்வேட்டின் நீளம் வழக்கமான அளவில் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்படுவது பிரிட்டனில் பரவலான நடைமுறை. தேர்வாளர்கள் காட்சியை நேரில் பார்த்த பின்பே வாய்மொழித் தேர்வு நடக்கிறது.

ஹெல்சிங்கியில் நித்திகுல் நிம்குல்ரட் 2009-இல் முடித்த ஆய்வு இவ்வகையில் தெளிவான முன்மாதிரி. தாய்லாந்தைச் சேர்ந்த இந்தத் துணிக்கலைஞர் எடுத்துக்கொண்ட பொருள், காகிதத்தை முறுக்கிச் செய்த நூல். போர்க்காலத்தில் பருத்தியும் கம்பளியும் கிடைக்காதபோது பின்லாந்தில் இத்தகைய நூல் புழக்கத்தில் இருந்தது. செய்யும் பொருளின் தன்மை செய்பவரின் சிந்தனையையும் பார்ப்பவரின் புரிதலையும் எவ்வாறு வடிவமைக்கிறது என்பது அவர் கேள்வி. காகித நூலை முடிச்சிட்டு உடை வடிவச் சிற்பங்களை உருவாக்கி, இரண்டு காட்சிகளில் வைத்தார். செய்யும்போது எடுத்த முடிவுகளை நாட்குறிப்பிலும் படங்களிலும் பதிந்தார். பார்வையாளர்களின் கருத்தையும் திரட்டினார். முதல் காட்சியில் கற்றதைக் கொண்டு இரண்டாம் காட்சியைத் திட்டமிட்டார். காகித நூலின் விறைப்பும் இலேசான தன்மையும் வெறும் தொழில்நுட்பச் செய்திகளாக நிற்காமல் படைப்பின் பொருளாகவே மாறுவதை இந்த ஒப்பீடு காட்டியது. கேள்வி, செய்முறை, பதிவு, பிறர் சான்று ஆகிய நான்கும் இதில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் 2017-இல் முனைவர் பட்டம் பெற்ற கமிலா குரோத், கைவழி அறிதலையே ஆய்வுப் பொருளாக்கினார். பார்வையும் செவியும் இழந்தவர்கள் களிமண்ணில் வேலை செய்வதைக் கூர்ந்து கவனித்தார். பின்பு தாமே கண்ணைக் கட்டிக்கொண்டு சக்கரத்தில் வனைந்து, அதைக் காணொளியில் பதிந்து ஆராய்ந்தார். அனுபவமுள்ள குயவர் சுவரின் கனத்தையும் ஈரத்தையும் விரலால் அறிகிறார் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. அந்த அறிதல் முடிவெடுப்பதிலும் இடரை முன்னுணர்வதிலும் எப்படி வேலை செய்கிறது என்பதை விவரமாகக் காட்டுவதுதான் ஆய்வின் பங்கு.

நீல் பிரவுன்ஸ்வர்டின் வழி வேறு. இங்கிலாந்தின் மட்கல நகரமான ஸ்டோக்-ஆன்-டிரென்டில் பிறந்த அவர், இளம்வயதில் வெட்ஜ்வுட் ஆலையில் தொழில் பழகியவர். பின்னர் ராயல் கலைக் கல்லூரியில் முதுகலை முடித்து, 2006-இல் புரூனல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட ஊரில் வீசப்பட்ட கழிவுத் துண்டுகளைக் கொண்டு அவர் சிற்பங்கள் செய்தார். ஆலையில் வேலை செய்தவர்களின் கைப்பழக்கத்தைப் படமாகவும் நேரடி நிகழ்வாகவும் பதிந்தார். வேலை போனபோது அந்த விரல்களில் இருந்த அறிவும் ஊரைவிட்டுப் போகிறது என்பதை இந்தப் படைப்புகள் கண்ணெதிரே வைக்கின்றன.

எண்ணியல் கருவிகளும் இக்கல்வியின் பகுதி ஆகிவிட்டன. பெல்ஜியத்தின் அன்ஃபோல்ட் பட்டறை 2010 அளவிலேயே களிமண்ணை முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்துக் காட்டியது. அச்சுப்பொறி வந்ததும் மண்ணின் குணம் மறைந்துவிடவில்லை. ஈரம் கூடினால் சுவர் சரிகிறது, குறைந்தால் குழாய் அடைக்கிறது, காயும்போது கலம் சுருங்குகிறது. விளைவு கெட்டுப்போகக்கூடும் என்று டேவிட் பை சொன்ன இடர், இருந்த இடம் மாறியிருக்கிறதே தவிர, நீங்கவில்லை.

இந்தியச் சூழல்

இந்தியக் கைவினைக் கல்வியின் தொடக்கம் லண்டனோடு பின்னியது. சென்னையில் 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப் பள்ளி, நாட்டின் மிகப் பழைய கலைப் பள்ளிகளில் ஒன்று. இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே 1884-இல் பொறுப்பேற்ற ஈ. பி. ஹேவல், லண்டன் சவுத் கென்சிங்டனில் பயிற்சி பெற்றவர். சென்னை மாகாணத்தின் கைத்தொழில்களை ஆராய்ந்த அனுபவம், ஐரோப்பிய முறையை இந்தியக் கைவினைஞர் மேல் சுமத்துவதற்கு எதிராக அவரைத் திருப்பியது.

விடுதலைக்குப் பின் வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் 1958-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை, சாதாரணச் செம்பு ஒன்றை நல்ல வடிவமைப்பின் உச்சமாக எடுத்துக்காட்டியது. அந்த அறிக்கையின் விளைவாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. கைவினைக் கிராமத்துக்குச் சென்று தங்கி, கருவி, மூலப்பொருள், வேலைமுறை, சந்தை ஆகியவற்றை ஆவணப்படுத்துவது அங்கே மாணவர் பயிற்சியின் பகுதி. நிறுவனத்தின் ஆசிரியர்களான அதிதி ரஞ்சன், எம். பி. ரஞ்சன் ஆகியோர் தொகுத்து 2007-இல் வெளியான இந்தியக் கைவினைகளின் பெருந்தொகுப்பு இந்தப் பயிற்சியின் அகலத்தைக் காட்டுகிறது. சென்னை உட்படப் பல நகரங்களில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்களும் நெசவு, கைவினை ஊர்களை இவ்வாறு ஆவணப்படுத்துகிறார்கள்.

ஆவணப்படுத்தலின் எல்லையைக் காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவில் பார்க்கலாம். சேலையின் உடல் ஒரு நிறத்திலும் கரைகள் வேறு நிறத்திலும் வர, மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளருக்கு அருகில் அமரும் துணையாள் ஒரு கரையின் நாடாவை ஓட்டுகிறார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. நாடாக்கள் எத்தனை, பாவில் இழைகள் எத்தனை, பின்னல் எப்படி என்பதையெல்லாம் மாணவர் ஒரு வாரத்தில் வரைந்துவிடலாம். இணைப்பில் இடைவெளி விழாமலும் சுருக்கம் விழாமலும் இருக்க ஊடையை எவ்வளவு தளர்வாக விடுவது என்பது மட்டும் படத்தில் வராது. இருவரின் கைகளும் ஒரே கதியில் இயங்குவதால் வருவது அது. பலகாலம் ஒன்றாக உட்கார்ந்து நெய்தால்தான் அது படியும்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. ஊருக்குச் சென்று ஆவணப்படுத்தும் மாணவருக்குப் பட்டம் கிடைக்கிறது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த நெசவாளர் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரியாகிறார், பலமுறை பெயர்கூட இல்லாமல். அறிவைத் தந்தவரை அறிவாளராக ஏற்காத கல்வி தன் அடித்தளத்தையே மறுக்கிறது. ஜூடி ஃபிரேட்டர் கட்ச் பகுதியில் 2005-இல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா இதற்கு ஒரு மாற்றைக் காட்டியது. அங்கே மாணவர்கள் பரம்பரை நெசவாளர்களும் சாயக்காரர்களும் பூத்தையல்காரர்களுமே. ஓராண்டுப் படிப்பு சிறு சிறு அமர்வுகளாகப் பிரிக்கப்பட்டதால் தொழிலையும் குடும்பத்தையும் விடாமல் அவர்கள் படிக்க முடிந்தது. நிறம், வடிவமைப்பு, சந்தை, காட்சிப்படுத்தல் ஆகியவற்றைத் தம் மரபைக் கொண்டே கற்றார்கள். இப்பணி 2014 முதல் சோமையா கலா வித்யாவிலும் நடக்கிறது.

புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி மற்றொரு மாற்று. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகிய அமெரிக்கக் குயவர்கள் 1971-இல் தொடங்கிய இந்தப் பட்டறை பல்கலைக்கழகம் அன்று. ஆயினும் சமகால இந்திய மட்கலக் கலையின் முன்னணிக் கலைஞர்கள் பலர் அங்கே பயின்றவர்கள். பச்சை மண்ணால் கட்டிய வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுட்டுக் கெட்டிப்படுத்தும் மீக்கரின் சோதனை, எந்தப் பட்டத்துக்காகவும் செய்யப்படாத பெரிய அளவிலான கைவினை ஆய்வு.

செலவும் இழப்பும்

இக்கல்வி செலவு மிக்கது. சூளை, தறி, கண்ணாடி உலை ஆகியவற்றுக்கு இடமும் எரிபொருளும் பராமரிப்பும், அவற்றை அறிந்த தொழில்நுட்பப் பணியாளரும் வேண்டும். கணினி அறையில் கற்பிக்கும் பாடத்தோடு ஒப்பிடும் நிர்வாகத்துக்கு முதலில் கண்ணில் படுவது இந்தச் செலவே. லண்டன் ஹாரோவில் புகழ்பெற்றிருந்த மட்கலப் பட்டப்படிப்பு 2013-இல் தன் கடைசி மாணவர்களை அனுப்பி மூடப்பட்டது. இளநிலைப் படிப்புகள் மூடினால் முதுநிலைக்கு வரும் மாணவர் கையில் பழக்கம் குறைவாகவே இருக்கும். கோட்பாடு முன்னேற, செய்திறன் பின்தங்கும். இந்த இடைவெளியை நிரப்ப 2017-இல் ஸ்டோக்கில் களிமண் கல்லூரி தொடங்கப்பட்டது. பட்டத்தை நோக்காமல் திறமையை மட்டும் முழுநேரமாக இரண்டாண்டு கற்பிப்பது அதன் திட்டம். அதே ஆண்டு பிரிட்டனின் மரபுக் கைவினைச் சங்கம் அழியும் நிலையில் உள்ள தொழில்களின் முதல் சிவப்புப் பட்டியலை வெளியிட்டது. கையால் கிரிக்கெட் பந்து செய்யும் தொழில் அந்த நாட்டில் மறைந்தேவிட்டதாக அது பதிவு செய்தது.

திறமைப் பயிற்சியும் முதுநிலை ஆய்வும் ஒன்றுக்கொன்று போட்டி என்று கருதுவது தவறு. திறமை இல்லாத ஆய்வுக்குக் கேள்வியே எழாது. மண் எங்கே எதிர்க்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் ஏன் எதிர்க்கிறது என்ற கேள்வி வரும். ஆய்வு இல்லாத திறமை தன்னளவில் முழுமையானதே. ஆனால் அது இருக்கும் கையோடு மறையக்கூடியது.

நல்ல முதுநிலைக் கைவினைக் கல்வியை அளக்க நான்கு அளவுகோல்கள் போதும். கேள்வி பொருளைச் செய்துபார்த்தால் மட்டுமே விடை கிடைக்கும் கேள்வியாக இருக்க வேண்டும். செய்த முறை, தோற்றவை உட்பட, பிறர் மறுபடி முயலும் அளவுக்குப் பதிவாக வேண்டும். பொருளும் எழுத்தும் ஒன்றை ஒன்று விளக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது குறைபட வேண்டும். அறிவு யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரும் பங்கும் ஆய்வில் இடம்பெற வேண்டும். அவரே மாணவராகவும் ஆசிரியராகவும் தேர்வாளராகவும் வர வழி இருக்க வேண்டும். முதல் மூன்றையும் பல நாட்டுக் கல்லூரிகள் பெருமளவு கற்றுவிட்டன. நான்காவதில் அவை இன்னும் தொடக்கத்திலேயே உள்ளன. தலைமுறைகளாக இத்தொழில்களைச் செய்பவர்கள் பெருந்தொகையாக வாழும் இந்தியா, இந்த நான்காவதை உலகுக்குக் காட்டும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறது.